கேப்டன் வாங்கிய பெரிய டேங்க்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை என்று கேப்டன் முடிவு கட்டிவிட்டார். அவர் கப்பலில் கால் வைத்தவர் இல்லை. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஓட்டை மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, கொல்லையில் போட்டுப் பலகை மாற்றி, அதை ஆளாக்கத் தொடங்கியதிலிருந்து தெரு கொடுத்த பட்டம் அது.

படகில் ஒரே குறை, பெட்ரோல் டேங்க். சொம்பளவுதான் இருந்தது. கழிமுகத்தில் கொஞ்ச தூரம் போய் வருவதற்குள் வறண்டுவிடும். அதற்குள் வீடு திரும்பினால் மனைவி காய்கறிப் பையோடு வாசலில் நிற்பாள். பெரிய டேங்க் இருந்தால் காலையில் போனவர் சாயங்காலம் கரையேறினால் போதும். நாள் முழுக்க "என்னங்க" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நிம்மதியை நினைத்தே ஒரு பெரிய டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நடுவுல வைக்கப்போறேன். கனம் நடுவுல இருந்தாத்தான் படகு சமமா நிக்கும்" என்றார்.

"அப்ப மீன் பெட்டியை எங்க வைப்பீங்க, தலையிலயா?" என்றாள் மனைவி.

"மீன் பெட்டியா?"

"பிடிக்கத்தானே போறீங்க? டேங்கைப் பின்னாடி உங்க பலகைக்கு அடியில தள்ளிடுங்க. இன்ஜினுக்கும் பக்கம்."

அவர் மீன் பிடிப்பார் என்று அதுவரை ஒருத்தரும் நம்பியதில்லை. கேப்டன் உச்சி குளிர்ந்து போனார். டேங்கைப் பின்பக்கம் இறுக்கி, மேலே பலகை அடித்து, இடுக்கெல்லாம் பசை பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை படகு தண்ணீரில் இறங்கியது. டேங்கை நிரப்பிவிட்டுக் கேப்டன் பின்பலகையில் உட்கார்ந்தார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே தண்ணீர் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது.

"முன்னாடி கனம் வேணும் போலிருக்கே" என்றாள் வழியனுப்ப வந்த மனைவி.

"மணல் மூட்டை போட்டுக்கறேன்." மணல் மூட்டை பேசாது என்பதும் அவர் கணக்கில் இருந்தது.

"ஈரத்துல ஊறிப் புதுப் பலகை போயிடும்."

"கல்லு?"

"ஒரு அலை அடிச்சா உருண்டு வந்து உங்க காலை நசுக்கும்."

"அப்ப டேங்கையே கழட்டி நடுவுல..."

"தாராளமா உடைங்க. நீங்க அடிச்ச பெயின்ட்தானே."

கேப்டன் பளபளக்கும் பலகையைத் தடவிப் பார்த்தார். மனசு வரவில்லை. அவருக்கு மனசு வராது என்பது அவளுக்குத் தெரியாததா? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முன்பலகையில் ஏறிச் சட்டமாக உட்கார்ந்தாள். மூக்குத் தாழ்ந்து படகு சமமாக நின்றது.

இன்ஜின் ஒரே இழுப்பில் உயிர் பெற்றது. படகு குலுங்காமல் ஓடியது. இருந்தாலும் கேப்டனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் அவர் கைவேலை அல்லவா? வாய்க்குள்ளே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தூண்டிலை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க, நேரா அக்கரைக்கு விடுங்க" என்றாள் மனைவி திரும்பிப் பார்க்காமலே. "டேங்க் வந்த அன்னிக்கே எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன், இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடெல்லாம் அங்க அவ வீட்லதான்னு."