அப்பா நட்ட மரப்பெரணி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் இன்றுவரை நலம். நீங்களும் அத்தையும் உங்கள் நாற்றுப் பண்ணையும் நலமாக இருக்க வேண்டும். அந்தப் பண்ணையிலிருந்து இனி எதுவும் எங்கள் வீட்டுக்கு வராமலும் இருக்க வேண்டும்.

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசையாக அனுப்பிய மரப்பெரணி வந்தது. மரம் என்றீர்கள். வந்தது இலையும் வேரும் இல்லாத, உடம்பெல்லாம் கறுப்பு ரோமம் முளைத்த, முழங்கால் உயரக் கட்டை. தலை எது கால் எது என்று யாருக்கும் விளங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் விளங்கியது. "எந்த மரத்துக்கும் அடிதான்டி பெருத்திருக்கும், இதுகூடத் தெரியாதா?" என்று தடித்த பக்கத்தைக் குழிக்குள் இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அதற்கு நடக்கும் சேவகம் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நடக்கவில்லை. மதியம் குடை. இடுப்பில் அம்மாவின் நல்ல துண்டு, ஈரமாக. இதற்குத் தண்ணீரை உச்சந்தலையில்தான் ஊற்ற வேண்டுமாம். அது என் வேலை. "குளிப்பாட்டியாச்சுல்ல, பவுடரும் போட்டு விடு" என்கிறாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள துளிர்க்கலைன்னா நீ கைப்பந்து டீம்ல இல்ல. ஒரு உசிரைப் பாத்துக்கத் தெரியாதவளுக்குப் பந்து எதுக்கு?"

இது என்ன நியாயம் மாமா? எங்கள் உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். சுருண்ட குருத்து இருக்கும் பக்கம்தான் தலை என்றார். அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்கேலால் மண்ணைக் கிளறினேன். உள்ளே நாய்க்குட்டி வால் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. இத்தனை நாளாக நான் அதன் பாதத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்! சொல்லலாம் என்று போனேன்.

"அப்பா, ஒருவேளை அது..."

"என்ன ஒருவேளை?"

"ஒண்ணுமில்லப்பா."

உங்கள் மச்சானை உங்களுக்குத் தெரியாதா? தப்பான பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டு, இறங்க மனசு வராமல் கடைசி நிறுத்தம்வரை கூட்டிப்போய், "சுத்திக் காட்டத்தான் வந்தேன்" என்ற மனுஷர். செத்தாலும் தப்பை ஒத்துக்கமாட்டார். போன் கூடத்தில் இருக்கிறது, பேசினால் காதில் விழும், அதனால்தான் கடிதம். நீங்களே சும்மா விசாரிப்பதுபோல் போன் செய்து, "மச்சான், தடிச்ச பக்கம் மேலதானே இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். என் பெயர் மட்டும் வாயில் வரக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
பயந்துபோன உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உங்கள் போன் வரும்வரை தாங்காது என்று, இப்போதே கீழே போய்க் கட்டையைப் பிடுங்கி, நேராக நட்டு, மண் போட்டு மூடி, துண்டையும் கட்டிவிட்டு வந்தேன். உறையை ஒட்டும்போது தோட்டத்தில் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா! வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, திருடன் மாதிரி கட்டையைத் தலைகீழாகத் திருப்பி நடுகிறார். மாமா, அவருக்கும் தெரிந்திருக்கிறது! பாவம், தப்பைத் திருத்துகிறார். கத்தலாம்தான், கத்தினால் நான் போனது தெரிந்துவிடும். இப்போது பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நீங்கள் போன் செய்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று சத்தியமே செய்வார், இந்த முறை மனசாரவே. போன் வேண்டாம், நேரில் வாருங்கள்.