முள்ளு அண்ணன் போட்ட வேலி

கெடா மாநிலத்தில் முள் குத்தாத ஆளே கிடையாது. ஆனால் கடைக்குப் போய், காசு கொடுத்து, "இதவிட நல்லா குத்துறது இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு முள் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டு வரிசைக்கே அவர் முள்ளு அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கும் அவருடைய அடையாள அட்டைக்கும் மட்டுமே தெரியும்.

கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஜாகாவாக வாசலில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். காவல் காக்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதனால் வரிசை வீடுகளுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாகச் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தித் தோட்டம் போட்டார். கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை, நடுவில் ஒரு செம்படாக் மரம். செம்படாக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பார்வைக்குப் பலாவின் தம்பி, வாசனையில் அண்ணன்.

மரம் வருடா வருடம் காய்த்தது. அண்ணன் மட்டும் அதில் ஒரு சுளைகூடத் தின்றதில்லை. காயைச் சாக்கில் கட்டி வைப்பார். தினமும் ஏணி போட்டு ஏறி முகர்ந்து பார்ப்பார். "நாளைக்கு அறுத்துடலாம்" என்று இறங்குவார். மறுநாள் சாக்கு மட்டும் தொங்கும். ஒரு வருடம் சாக்கை அழகாக மடித்து ஏணியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"தம்பி, நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் மரத்துப் பழத்துல ஒரு சுளை நான் தின்னணும்லா. இது என்னா பெரிய ஆசையா?" என்று என்னிடம் கேட்டார்.

அநியாயம் அண்ணே, அநியாயம் என்று நானும் தலையை ஆட்டினேன். எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

முள்வேலி வைப்பதென்று முடிவாயிற்று. பீடோங் பக்கத்தில் செடி விற்கும் ஒரு சீன முதலாளியிடம், எங்கள் பேச்சில் தவுக்கேயிடம், என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒவ்வொரு செடியிலும் முழங்கையை வைத்து அழுத்தினார். "இது சும்மா கீறுது. அடுத்தத காட்டு." அரைமணி நேரத்தில் கையெல்லாம் கோடு. தவுக்கே மலாயில் சொல்லிச் சிரித்தார்: "எல்லாரும் பூ பூக்குமான்னு கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் வலிக்குமான்னு கேக்குற!" அண்ணன் சிரிக்கவில்லை. அவர் அங்கே போனது வலியைத் தேர்ந்தெடுக்க.

முதலில் வந்தது காகிதப்பூ. நல்ல முள்தான். ஆனால் அது மூன்று நிறத்தில் பூத்துத் தொலைத்தது. ஒரு குச்சி ஒடித்துக்கொள்கிறேன் என்று பெண்கள் வந்தார்கள். பிறகு கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள். "அங்கிள், கொஞ்சம் வெளிய நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்று ஒரு போட்டோக்காரன் அவரையே அவர் தோட்டத்தைவிட்டு அனுப்பிவைத்தான். அந்த வருடப் பழமும் போயிற்று.

அடுத்தது எலுமிச்சை. காய்க்கும்வரை நல்ல வேலியாக இருந்தது. எங்கள் பக்கம் புதிதாக வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். "சாமி காரியம் அண்ணே, நாலே நாலு" என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். லாரி வாங்கியவன் பத்து கேட்டான். சாமி காரியம் என்றால் இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு வராது. பழம் பறிக்க வந்தவர்கள் கிளையை விலக்கி விலக்கி, வேலியில் ஜன்னல் வைத்தது போல ஆகிவிட்டது.

மூன்றாவதாகச் செய்ததுதான் தப்பு. பாலிங்கில் உள்ள உறவுக்காரர் வீட்டிலிருந்து மூன்று கன்று கொண்டுவந்தார். "முள்ளப் பாத்தியா தம்பி? விரல் நீளம்!"

"அண்ணே, இது வில்வம்" என்றேன்.

"முள்ளு இருக்கா இல்லியா, அத சொல்லு!"

இருந்தது. அது நன்றாகத் தழைத்த பிறகு ஒரு பிரதோஷத்தன்று பாக்கியம் அக்கா தட்டோடு வந்து நின்றார். பாக்கியம் அக்கா கடைசி வீடு. முள்ளு அண்ணன் தோட்டத்துக் கறிவேப்பிலையைக்கூடத் தொட்டதில்லை என்று நடுத்தெருவில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், சிவன் மேல் பாட்டுப் பாடிக்கொண்டே. சாமிப் பாட்டு நடக்கும்போது எப்படிக் கத்துவது? அண்ணன் மண்வெட்டியைப் பிடித்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பிரதோஷத்துக்கு மரத்தடியில் ஒரு கல் வந்தது. அதற்கடுத்த தடவை கல்லுக்கு விபூதி, விளக்கு.

"அண்ணே, சாமி இருக்கிற எடம். சிலிப்பர கழட்டிட்டு வாங்க" என்று அக்கா அவருக்கே உத்தரவு போட்டார்.

ஆக, சொந்தத் தோட்டத்தில், சொந்தமாக வைத்த முள்ளின் மேல், வெறுங்காலோடு நடந்தார் மனிதர். அன்று சாயங்காலம் அவர் பாதத்திலிருந்து ஊசியால் ஏழு முள் எடுத்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தரமான முள்ளு" என்று பெருமைப்பட்டார்.

கடைசியாக, தவுக்கேயே இரங்கி ஒன்றைக் காட்டினார். சாலாக். பாம்புத்தோல் போட்ட பழம் தருமே, அந்த மரம். அடி முதல் நுனி வரை ஊசி. அண்ணன் முழங்கையை வைத்தார், "அம்மா!" என்றார், அத்தனையும் வாங்கினார். இடைவெளி இருந்த இடத்திலெல்லாம் அதை நட்டார். இரும்புக் கதவு போட்டார்; உள்ளே போனால் உள்பக்கமாகவும் பூட்டிக்கொள்வார். சாவி எப்போதும் கழுத்துக் கயிற்றில்.

"இனிமே ஒரு பய நுழைய முடியாது" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செம்படாக் பழுக்க இன்னும் சில வாரம் இருந்தது. முகர்ந்து பார்க்க ஏறிய இடத்தில் ஏணி சறுக்கி, அண்ணன் விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அலறல் கேட்டு வரிசையே கதவடியில் கூடியது.

"சாவியத் தூக்கிப் போடுங்கண்ணே!"

போட்டார். அது நேராகச் சாலாக் புதரின் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அங்கே கைவிட யாருக்கும் துணிச்சல் இல்லை.

"பாராங் கத்தியக் கொண்டா, வேலிய வெட்டிருவோம்" என்றார் யாரோ.

"வேலிய வெட்டாதீங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதல் அலறலைவிட அது பலமாக இருந்தது.

என்ன செய்வதென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாக்கியம் அக்கா பெருமூச்சு விட்டார். சேலையை இழுத்துச் செருகினார். கால்வாய்ப் பக்கம் போய், காகிதப்பூக் கிளை ஒன்றை முழங்கையால் ஒதுக்கி, பக்கவாட்டில் திரும்பி, உள்ளே போய்விட்டார். ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது. எதிர்வீட்டு மணியம் வில்வத்துக்குப் பின்னால் மறைந்து உள்ளே முளைத்தார். அவர் மனைவிக்குத் தனி வழி. பக்கத்து வீட்டு மலாய் மாமா அப்துல்லா பாக்சிக் சாலாக்குக்கு அடியில் ஒரு பலகையைத் தூக்கிவிட்டுத் தவழ்ந்தார். எலுமிச்சைப் பக்கமாகக் குனிந்து நுழைந்த ஐந்தாவது ஆள் யாரென்று நீங்கள் கேட்கக் கூடாது. நான்தான்.

அண்ணன் தரையில் கிடந்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கால் வலி மறந்துவிட்டது.

"அஞ்சு வழியா?" என்றார்.

"முப்பது வருஷம் ஜாகா வேல பாத்தேன்லா" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவரைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வழியாகத்தான் வெளியே வந்தோம். இருப்பதில் அதுதான் அகலம்.

கால் கட்டோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் முறை வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம், அவரவர் வழியில் போய். செம்படாக் பழுத்தது. வாசனை வரிசை முழுக்க அடித்தது. ஒருவர் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் இருந்த கடும் விரதம் அதுதான். பாக்கியம் அக்கா அதைச் சாக்கோடு அறுத்து வந்து, எல்லோர் முன்னாலும் அண்ணன் மடியில் வைத்தார்.

அண்ணன் முதல் சுளையை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு ஆளுக்கொன்று கொடுத்தார். அக்கா வாயில் போட்டதும், "எப்பவும் போலத்தான் அண்ணே, தேனு!" என்றார்.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்படியா? எனக்கு இதான்லா மொத தடவ" என்றார். சொல்லிவிட்டு, கொட்டை புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

நடக்கத் தொடங்கியதும் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குள் போனார். வழியெல்லாம் அடைபடப் போகிறது என்று நினைத்தோம். அடுத்த வாரம் இரண்டு மிளகாய்க்காக எலுமிச்சைப் பக்கம் போனேன். நான் கொஞ்சம் உயரம். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை எப்போதும் என் வழுக்கையைக் கீறும். அதை என் தலை உயரத்துக்குச் சரியாக நறுக்கி, வெட்டிய முனையில் பழைய துணி சுற்றியிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு உயிர்.