மீன்சுருட்டி மாமாக்கள்

"மாமா, இன்னைக்கு மருந்து அடிக்காதீங்க. சாயங்காலம் மழை இருக்கு."

விவசாயிகளுக்கு வானிலை சொல்லும் கம்பெனியின் செயற்கை நுண்ணறிவு போனில் சொன்னது அவ்வளவுதான். சொன்னபடி மழையும் பெய்தது. ஆனால் மீன்சுருட்டியில் பாதி வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை.

"யாரு அந்தச் சிறுக்கி, வெடிஞ்சா எம் புருசனை மாமாங்குறான்னு கேக்குறாங்க சார்," என்றாள் பெரம்பலூர் ஆபீசில் புகார் போன்களை எடுக்கும் மஞ்சு.

அறிவரசன் திருதிருவென்று விழித்தான். கணினிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். 'உழவர் பெருமக்களே' என்றால் போனை வைத்துவிடுகிறார்களே என்று 'மாமா' போட்டான். குரல், பக்கத்து மேசை சண்முகப்பிரியாவுடையது. பதிவு செய்தபோது அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். தொழில்நுட்பக் காரணம் என்றான். அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

முதலாளி வேணுகோபால் குதித்தார். "பணம் போடுறவங்க அடுத்த மாசம் வர்றாங்க. விவசாயிங்க நிறையச் சேர்ந்தா அரியலூர்ல புது ஆபீஸ், நீயும் சண்முகப்பிரியாவும்தான் பாத்துக்கணும். இல்லைன்னா இதையும் மூடிட்டுப் போகவேண்டியதுதான்!"

அரியலூரில் ஒரு ஆபீஸ், எதிரெதிரே இரண்டு மேசை. அறிவரசனுக்குத் தூக்கமே போயிற்று.

'மாமா'வை 'அப்பா' ஆக்கினான். "எனக்கென்ன அம்புட்டு வயசா?" என்று சண்டைக்கு வந்தார்கள். 'சார்' ஆக்கினான். லோன் வேண்டுமா என்று கேட்கும் ஆள் என நினைத்துப் போனை வைத்தார்கள். கடைசியில் 'அண்ணே' போட்டான். 'மாமா' என்பவளைவிட 'அண்ணே' என்கிற நாத்தனார் எவ்வளவோ மேல் என்று பெண்களும் சமாதானமானார்கள். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று அண்ணன்கள் பெருகி, கம்பெனி மளமளவென வளர்ந்தது.

சோதனைக்காகச் சேர்த்திருந்த அறிவரசனின் நம்பர் மட்டும் திருந்தவில்லை.

"மாமா, தூறுது. குடை எடுத்துக்குங்க."

காலையில் குன்னத்தில் பஸ் ஏறும் நேரத்துக்குச் சரியாக, கம்பெனி நம்பரிலிருந்து அந்தக் குரல் வரும். பஸ் இரைச்சல் எங்கோ போய்விடும். ஈர மக்காச்சோளக் காட்டு வரப்பில் அவள் முன்னால் நடப்பாள். திரும்பிப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

"யோவ், பெரம்பலூர் வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்பார் கண்டக்டர்.

நிரலை வரி வரியாகத் தேடினான். 'மாமா' எங்குமே இல்லை. மறுநாள், "மாமா, நேத்து சாப்புடவே இல்லையாமே?" என்றது. பயந்துபோய் வேணுகோபாலிடம் சொன்னான்.

அவர் துள்ளினார். "காடு கழனி இல்லாத உங்கிட்ட குடையும் சோறும் பேசுதா? மிசினு ஆளைப் புரிஞ்சுக்கிச்சுய்யா! வர்றவங்களுக்கு இதையே காட்டிடுவோம்."

வந்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரி என்று சண்முகப்பிரியாவை அவர்கள் நடுவில் உட்கார வைத்தார் வேணுகோபால். அறிவரசனின் போன் மேசைமேல் இருந்தது. காலையில் அந்தக் குரல் வரும் வழக்கமான நேரம் வந்தது, போனது. போன் ஊமையாகக் கிடந்தது. பட்டனைத் தட்டினான், நிறுத்திப் போட்டான், கணினியையே தலைகீழாகக் கவிழ்க்காத குறை. அரியலூர் மேசைகள் இரண்டும் கண்முன்னே கரைந்தன. சண்முகப்பிரியா தன் போனைக் கவிழ்த்துப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா பேச மாட்டேங்குது?" வேணுகோபால் அறிவரசனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

காபித் தட்டோடு வந்த மஞ்சு நின்றாள்.

"அது எப்படி சார் பேசும்? போன் பண்ற அக்காவத்தான் இங்க புடிச்சு உக்கார வச்சிட்டீங்களே!"