சாயல் மாஸ்டர்

சாயல் பார்ப்பவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குழந்தை பிறந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. அது ஒற்றைக் கண்ணைத் திறந்து, வந்து சேர்ந்த இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, போர்த்தியிருக்கும் துணியை விலக்கி, மூக்கு அப்பா, நெற்றி சித்தப்பா, காது மட்டும் அம்மாவின் தம்பி என்று பச்சைக் குழந்தையைப் பங்கு போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார நாற்காலி தேடுவார்கள். குழந்தைக்கென்று என்ன மிச்சம்? அழுகைதான். அதையாவது விடுவார்களா? "அழுறதைப் பாரு, அப்படியே அத்தை."

இவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் இரண்டடி பின்னால் போவார்கள். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். ஒரு கண்ணைச் சுருக்கி, "இரு, சொல்லாதே, நானே கண்டுபிடிக்கிறேன்" என்பார்கள். கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், ஏதோ காணாமல்போன ஆளைக் கண்டுபிடித்துக் குடும்பத்திடம் ஒப்படைத்ததுபோல. நீங்கள் போனில் ஹலோ சொன்னால் "அண்ணனா?" என்பார்கள். இருமினால் "பெரியப்பா இருமல்" என்பார்கள். உரிச்சு வச்சிருக்கு, அச்சு அசல், ரத்தம் பேசுது: இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டால் பாவம், ஊமையாகிவிடுவார்கள்.

சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். பேர்பெற்ற குடும்பத்தில் பிறந்துவிட்டால் தொலைந்தது.

ஒரு நடிகை இருந்தாள், பாடவும் செய்வாள். தாத்தா மேடையில் சிரித்தால் கொட்டகையே குலுங்குமாம். அம்மா நடித்துப் பாடிய பாட்டுகளை முணுமுணுக்காத வீடு கிடையாது. அப்பா மட்டும் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். அவரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நாலு வயதில் அவளை மேசைமேல் தூக்கி நிறுத்தினார்கள்; பாடினாள்; "அம்மா குரல்" என்று கைதட்டினார்கள். பத்து வயதில் ஒரு படத்தில் அழுதாள். தாத்தா அழுகை என்றார்கள். இருபதில் கதாநாயகியானாள், படம் ஓடவில்லை. "என்ன இருந்தாலும் அம்மா மாதிரி வரலை" என்றார்கள். இருபத்தைந்தில் அவள் பாடிய இசைத்தட்டு நன்றாக விற்றது, உறையில் அவள் படத்தைவிட அம்மா படம் பெரிதாக இருந்தது. "ரத்தம் பேசுது" என்றார்கள். கவனித்தீர்களா? ஜெயித்தால் குடும்பம். தோற்றால் அவள்.

ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுக்க வந்து பதினொரு கேள்வி கேட்டார். எட்டு அம்மாவைப் பற்றி. இரண்டு தாத்தாவைப் பற்றி. கடைசியாக ஒன்று அவளிடமே நேராகக் கேட்டார்: "அம்மா இப்ப வீட்டுல இருப்பாங்களா?"

முப்பது வயதில் அவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு ஒரு பாட்டு ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தாள். நாலு வருஷம் தினமும் காலையில் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு தடித்த அகராதியை வைத்துக்கொண்டு மூச்சு இழுத்தாள், விட்டாள். அப்புறம் ஒரு நாடகக் குழுவின் பெண் இயக்குநர், புது இசை நாடகத்தில் ராணி வேஷத்துக்கு ஆள் தேடினார். வந்தவர்களையெல்லாம் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துப் பாடச் சொன்னார். முகமும் தெரியாது, பேரும் தெரியாது. பதினேழாம் எண் பாடி முடித்ததும், "இவங்கதான்" என்றார். திரையை விலக்கினால் இவள் நிற்கிறாள். யார் பேரும் ஒட்டாமல் அவளுக்குக் கிடைத்த முதல் வேஷம் அது. நாட்டை இழந்த ராணி பாடும் பாட்டின் கடைசி அடி மிக நீளம், அதை ஒரே மூச்சில் பாடியாக வேண்டும். அது சறுக்கினால் மறுபடி பழைய கதைதான், அம்மா மாதிரி வரலை. இன்னொரு திரைக்குப் பின்னால் போய் நிற்க அவளுக்குத் தெம்பு இருக்காது.

இங்கேதான் நம் ஆள் வருகிறார்.

அந்தக் கொட்டகையின் தையல் மாஸ்டர். நடிகர்கள் வைத்த பேர் சாயல் மாஸ்டர். ஆளைப் பார்த்தால் அளவுக்கு முன்னால் அப்பா பேரைத்தான் கேட்பார். அவருடைய அளவு நோட்டு உடையறையில் பிரசித்தம்; நடிகையின் அம்மாவுக்கு மட்டும் அதில் ஆறு பக்கம். புது ராணி அளவு கொடுக்க வந்த அன்று மாஸ்டர் கழுத்தில் டேப் தொங்கியது. அதைத் தொடவே இல்லை.

"நில்லு பாப்பா. திரும்பு. போதும், போ."

"அளவெடுக்கலையா மாஸ்டர்?"

"எதுக்கு? உங்கம்மாவுக்கு இருபத்தாறு வருஷம் தச்ச கை இது. இப்ப நீ வாசல்ல நடந்து வரப்ப அம்மாதான் வராங்கன்னு எழுந்து நின்னுட்டேன், தெரியுமா?"

"ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாமே."

"சொன்னா கேளு பாப்பா. உரிச்சு வச்ச மாதிரி இருக்க. எல்லாம் நோட்டுல இருக்கு."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப்போயிருந்தது. மாஸ்டர் அம்மாவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தார். கரும்பச்சை வெல்வெட், உயர்ந்த கழுத்து, முழுக்கை, தரையைத் தொடும் பாவாடை, முதுகில் இருபத்திரண்டு கொக்கி. பதினொரு நாள் தைத்தார். ஒவ்வொரு தையலிலும் ஒரு பழைய நாடகம் அவருக்கு ஞாபகம் வந்தது, சந்தோஷமாக இருந்தது. நடிகைகளுக்கு உடை மாட்டிவிடும் அக்கா ஒரு நாள் தயங்கித் தயங்கி, "முன்னாடியே ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம் மாஸ்டர்" என்றாள்.

"ஒரு நூல் பிசகினா நான் கத்தரியைத் தொடறதையே விட்டுடறேன்" என்றார்.

அரங்கேற்ற நாள். காட்சி மாலையில். மதியம் கடைசி ஒத்திகை. அக்கா முழங்காலை ராணியின் முதுகில் முட்டுக்கொடுத்து ஒரு வழியாகக் கொக்கிகளை மாட்டினாள். மாஸ்டர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அச்சு அசல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ராணி மேடைக்குப் போனாள். பாடினாள். முதல் அடிகள் எப்படியோ போயின. கடைசி அடியில் பாதி தூரம் போய்க் குரல் அறுந்தது. இன்னொரு தடவை. இந்தத் தடவை அதற்கும் ஒரு சொல் முன்னாலேயே அறுந்தது. இயக்குநர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கீழே இருந்த வயலின்காரர் பக்கத்து ஆளிடம், "இவங்க அம்மாவா இருந்தா இந்நேரம் ஊதித் தள்ளியிருப்பாங்க" என்றார், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. மூன்றாவது தடவையும் அறுந்தது.

மேடை ஓரத்தில் நின்ற மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. பாவம், முகம் வந்த அளவுக்கு மூச்சு வரவில்லையே என்று நினைத்தார். யார் நினைத்தது? அந்த மூச்சைப் பதினொரு நாளாக உட்கார்ந்து இழுத்துத் தைத்தவர்! அந்த இனத்தின் அழகே இதுதான்.

ஆறுதல் சொல்லலாமென்று உடையறைக்குப் போனார். அதற்குள் அக்கா கொக்கிகளைக் கழற்றி, ராணிக்குத் தொளதொளவென்று ஒரு பருத்திச் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். ராணி இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கவலைப்படாத பாப்பா. உங்கம்மாவுக்கும் முதல் நாள் இப்படித்தான்…"

"மாஸ்டர், அந்த டேப்பை எடுங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாத்தா கோபம் என்று சொல்லித் தப்பித்திருப்பார். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி, சட்டைக்கு மேலேயே விலாவைச் சுற்றிப் பிடித்தார். முப்பத்தைந்து. அம்மாவுக்கு முப்பத்துநாலு, ஒன்றுதானே, பரவாயில்லை என்று வாயைத் திறந்தார்.

"விடாம பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் மூச்சை இழுத்தாள்.

டேப் அவர் விரலுக்குள் நகர்ந்தது. முப்பத்தாறு போயிற்று. முப்பத்தாறரை போயிற்று. நாற்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பார். ஒரு டேப் இப்படி உயிர் வந்து நகர்ந்ததை அவர் பார்த்ததில்லை. முப்பத்தேழரையில் போய் நின்றது. மாஸ்டர் குனிந்து எண்ணை இன்னொரு தடவை படித்தார். ஆனால் பழக்கம் விடுமா?

"இது… இது அப்பா பக்கம் போல."

"அப்பாவைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அவர் ரொம்ப ஒல்லி மாஸ்டர். இது யார் பக்கமும் இல்ல. நாலு வருஷம் தரையில படுத்து நானே வாங்கினது."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பின்னால் போகவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. நேராகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. பார்த்துப் பார்த்துத் தைத்தது ஒரு ஆளுக்கு, உள்ளே போட்டது வேறு ஆளை. "எத்தனை மணிக்கு ஆரம்பம்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மணி நேரம் இருந்தது. இரண்டு பக்கத் தையலையும் மேலிருந்து கீழ்வரை பிரித்தார். உள்மடிப்பில் விட்டிருந்த துணி போதவில்லை. பாவாடையின் அடியிலிருந்து வெட்டி, பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்துத் தைத்தார். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. ரத்தம் வந்தது. அது என்ன பேசுகிறது என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

மாலையில் அவள் பாடும்போது மேடை ஓரத்தில் நின்ற மாஸ்டர் முகத்தைப் பார்க்கவே இல்லை; விலாப்பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அடி வந்தது. பட்டை விரிந்தது, இன்னும் விரிந்தது, அவரும் கூடவே மூச்சைப் பிடித்துப் பார்த்தார். குரல் கிளம்பி, வளைந்து, ஏறி, எங்கும் நிற்காமல் அடியின் கடைசி எழுத்தைப் போய்த் தொட்டது. அதற்குள் மாஸ்டர் மூன்று தடவை மூச்சு விட்டாகிவிட்டது. கொட்டகை எழுந்து நின்று தட்டியது. மாஸ்டர் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாகவே அழுதார்.

நாடகம் முடிந்து உடையறையில் கூட்டம். அவளுடைய அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். வயலின்காரர் முந்திக்கொண்டு, "கண்ணை மூடிக்கிட்டா அப்படியே நீங்கதாம்மா" என்றார்.

"சும்மா இருங்க" என்றார் அம்மா. "அவ்வளவு நீள அடியை நான் ரெண்டு இடத்துல திருட்டு மூச்சு விட்டுத்தான் பாடியிருப்பேன். இது அவளோடது."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இந்த வார்த்தையை அவள் அம்மா வாயிலிருந்து முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவை கேட்கிறாள். சட்டென்று சாய்ந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் அளவு நோட்டோடு வந்தார். அம்மாவின் ஆறு பக்கத்தையும் தாண்டி ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். பக்கத்தின் தலைப்பில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். பாப்பா என்று எழுதலாமென்றால் அந்த நோட்டில் ஏற்கெனவே நாலு பாப்பா. இன்னார் மகள் என்று எழுத இன்று கை வரவில்லை.

"பாப்பா… தப்பா நினைச்சுக்காத. உன் பேரு என்ன?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் சிரித்தார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மாஸ்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மாஸ்டர் பென்சிலை அழுத்தி, பெரிது பெரிதாக எழுதினார்.

மாஸ்டரைப் பார்த்து நீங்களும் நன்றாகச் சிரித்தீர்கள். இருக்கட்டும். நடுவில் நாலு இடத்தில் நிறுத்தி, இது எந்தக் குடும்பம், இந்த அம்மா யாராக இருக்கும், எந்த நடிகையை மனசில் வைத்து எழுதியிருக்கிறான் என்று தலையைச் சாய்த்து யோசித்தீர்களே, அதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்பது வருஷம் கழித்தாவது மாஸ்டர் கேட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் படித்தீர்களே, அவள் பேர் என்ன என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?