நித்தியம் இளைப்பாறிய மூன்று நாட்கள்

மனித அறிவின் வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரித்துவிடலாம். 'நித்தியம்' வருவதற்கு முன், வந்த பின். முன்னதில் மனிதன் சக்கரம் செய்தான், கடிகாரம் செய்தான், தையல் இயந்திரம் செய்தான். எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் அவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. வீட்டுக்கு வாங்கி வந்த பிறகு அவை வாங்கியவன் பேச்சை மட்டுமே கேட்டன. செய்தவனை அடியோடு மறந்துபோயின. இந்த நன்றிகெட்ட நிலைக்கு முடிவு கட்டியது 'நித்தியம்' என்னும் வீடியோ கேம் பெட்டி. டிவியோடு இணைத்து விளையாடும் அந்தக் கறுப்புப் பெட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிடும். சர்வர் பதில் சொன்னால் ஆட்டம் தொடரும், சொல்லாவிட்டால் நிற்கும். பெற்ற பிள்ளைகள்கூட இத்தனை தடவை கூப்பிடுவதில்லை.

அப்பேர்ப்பட்ட நிறுவனத்தில் 'வாடிக்கையாளர் மனநிறைவுச் சொல்லாக்க அலுவலர்' என்ற பதவியில் ஒருவர் இருந்தார். விசிட்டிங் கார்டில் பதவியை அச்சடித்த பிறகு பெயருக்கு இடமில்லாமல் போனது. அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'வாக்கியம்' என்றே கூப்பிட்டார்கள். நித்தியத்தின் திரையில் தோன்றும் ஒவ்வொரு எழுத்தும் அவர் எழுதியது. 'பழுது' என்ற சொல்லை ஒழித்து அங்கே 'இடைவெளி'யை உட்கார வைத்தவர் அவர். 'காத்திருக்கவும்' என்பதில் அதட்டல் தொனித்ததால் 'இளைப்பாறவும்' என்று மாற்றியவரும் அவர்தான். 'மன்னிக்கவும்' என்ற சொல்லை மட்டும் அவர் தொட்டதில்லை. அதைச் சட்டப் பிரிவு பூட்டி வைத்திருந்தது.

பெட்டி கடைகளுக்கு வருவதற்கு முன்பே பலருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும்? பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் இயக்குநர் கூட்டம் கூட்டினார்.

"சர்வர் நிக்குமா?" என்று அவர் கேட்டார்.

சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் எழுந்தார். அந்த அறையின் குளிருக்காக வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருந்ததால் அவருக்கு 'ஸ்வெட்டர் மேடம்' என்று பெயர்.

"நிக்கும் சார். மெஷின்னா என்னைக்காவது நிக்கத்தான் செய்யும். பக்கத்துலயே இன்னொண்ணு தயாரா இருக்கணும்."

"என்ன மேடம், இப்படி நம்பிக்கை இல்லாம பேசறீங்க?"

"நம்பிக்கை இருக்கு சார். இன்னொரு சர்வர்தான் இல்ல."

"இன்னொண்ணு வாங்கி வெச்சா, முதல் சர்வர் மேல நமக்கே சந்தேகம்னு ஆயிடாதா? அது மனசு என்ன பாடுபடும்?" இயக்குநர் வாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஜனங்களுக்கு வேண்டியது சர்வரா, நிம்மதியா?"

"நிம்மதிதான் சார்."

"அப்ப அதை எழுதுங்க."

அன்று மாலைக்குள் மாற்று சர்வர் கோரிக்கை, மாற்று வாக்கியமாக நிறைவேறியது. சர்வர் எப்போதாவது பதில் சொல்லாமல் இருந்தால் திரையில் இப்படி வரும்: 'சற்றே இளைப்பாறுங்கள். நாங்கள் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.' அதைப் படித்துக் காட்டியபோது இயக்குநர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஸ்வெட்டர் மேடம் மட்டும் பொத்தான்களை மேல்வரை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வாக்கியத்துக்கு ஓர் அக்கா. பஸ் டிரைவர். இருபது வருஷமாக நகர நெரிசலில் ஓட்டியவர், டிப்போ படிக்கட்டில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை கட்டை மாதிரி விறைத்திருந்தது. "தினம் காலையில முக்கால் மணி நேரம் ஸ்டீயரிங் திருப்பிப் பழகுங்க. ஒருநாள் விட்டாலும் மறுபடி இறுகிடும்" என்றார் பிசியோதெரபி டாக்டர். தம்பி சும்மா இருப்பாரா? ஒரு நித்தியத்தையும் அதோடு வரும் ஸ்டீயரிங்கையும் கொண்டுவந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பொருத்திக் கொடுத்தார். திரையில் ஒரு பஸ் ஓடும். அக்கா அதைச் சந்து பொந்தெல்லாம் திருப்புவார். ஐந்து வாரத்தில் மணிக்கட்டு முக்கால்வாசி வழிக்கு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை டிப்போவில் அக்காவுக்குத் தகுதித் தேர்வு. தேறினால் பழைய பஸ், பழைய தடம். இல்லாவிட்டால் தகவல் கவுன்டரில் உட்கார வேண்டும்.

"அடுத்தவங்க ஓட்டற பஸ் எத்தனை மணிக்கு வரும்னு நான் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து சொல்லணுமாடா?" என்று அக்கா கேட்டபோது, தம்பி அந்த வேலைக்கு 'பயணியர் நல வழிகாட்டி' என்று ஓர் அழகான பெயரைச் சொல்லிப் பார்த்தார். அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், ரவுண்டானாவுல பாதி திரும்பியிருக்கேன், வண்டி அப்படியே நின்னுபோச்சு. 'சற்றே இளைப்பாறுங்கள்'னு வருது. நான் எதுக்குடா இளைப்பாறணும்? இப்பதானே எழுந்தேன்?"

"சின்ன இடைவெளிக்கா. சர்வர் பதில் சொல்லல போல."

"ஓட்டல்ல சர்வர் வரலைன்னா முதலாளியே தட்டைத் தூக்கிட்டு வருவாரு. உங்க முதலாளி வருவாரா?"

"ஐயோ அக்கா, அது வேற சர்வர்."

"வேறதான். ஓட்டல் சர்வர் வந்தா ஏதாவது கொண்டு வருவான். உங்க சர்வர் வந்தா என்னடா கொண்டு வரும்?"

 எத்தனையோ அறிவிப்புகளை எழுதிய வாக்கியம், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள சர்வர் அறைக்கே போனார். ஸ்வெட்டர் மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திறந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது அந்தப் பெட்டிகளுக்கு என்னதான் அனுப்புது? படமா, சத்தமா?"

"ஒண்ணும் அனுப்பாது சார். ஆட்டம் முழுக்க பெட்டிக்குள்ளயே இருக்கு. பெட்டி 'விளையாடலாமா?'ன்னு கேக்கும். இது 'ம்'னு சொல்லும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். அந்த 'ம்' சொல்ற பாகம் போயிடுச்சு. கையில இருந்தா அரை மணி நேரத்துல மாட்டிடுவேன். வெளியூர்லேர்ந்து வரணும். அவசரம்னு குறிச்சா இன்னைக்கே வரும். சாதாரணம்னா வெள்ளிக்கிழமை. இயக்குநர் சார் 'சாதாரணம்'னு குறிச்சிட்டாரு."

"ஏன்?"

"ஒரு புகார்கூட வரலையாம்."

அது கலப்படமில்லாத உண்மை. வாடிக்கையாளர் புகார்களை உடனுக்குடன் காட்டும் பலகை, இயக்குநர் அறைக்கு எதிரே தொங்கியது. வழக்கமாக நாளுக்கு நாற்பது ஐம்பது காட்டும் பலகையில் அன்று பூஜ்யம். ஏனென்றால் புகார் சொல்லும் பொத்தான் நித்தியத்தின் திரைக்குள்தான் இருந்தது. அதைத் தொடவும் சர்வரின் 'ம்' வேண்டும். தொலைபேசியில் புகார் கேட்பது பழங்காலத்து வழக்கம் என்று போன வருஷமே நிறுத்தியாயிற்று. ஆக, பெட்டி விற்ற நாளிலிருந்து வாடிக்கையாளர்கள் இவ்வளவு திருப்தியாக இருந்ததே இல்லை. இயக்குநர் மகிழ்ச்சி தாங்காமல் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். வாக்கியமும் ஒரு கப் குடித்தார். கசந்தது; சர்க்கரை குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஒரே ஒரு புகார் வந்தா போதும்கா, இன்னைக்கே பாகம் வந்துடும்" என்று அக்காவிடம் போனில் ரகசியக் குரலில் சொன்னார்.

"நீதான் உள்ளயே இருக்கியே, நீயே சொல்லேன்."

"அலுவலர் சொன்னா அது புகார் இல்லக்கா. ஒழுங்கு மீறல்."

புதன்கிழமை காலை அக்கா சீருடையை மாட்டிக்கொண்டு நேரே நிறுவனத்துக்கு வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் அன்பே உருவாகச் சிரித்தாள்.

"புகாரா மேடம்? உங்க நித்தியத்துலயே பொத்தான் இருக்குமே."

"நித்தியமே திறக்கலம்மா. அதுதான் புகார்."

"திறந்ததும் போட்டுடுங்க மேடம்."

"திறந்துட்டா நான் எதுக்கும்மா புகார் போடறேன்?"

"அதனாலதான் மேடம் எங்களுக்குப் புகாரே வர்றதில்ல."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுதி வாங்கிக்கொள்ளாமல் நகர மாட்டேன் என்றார். விஷயம் மாடிக்குப் போய், இயக்குநரே இறங்கி வந்தார். பின்னாலேயே வாக்கியம்.

"உங்க அக்காவா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் இயக்குநர். "அம்மா சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்க. நம்ம நடையில இருக்கட்டும்."

அக்கா சொன்னார். தம்பி எழுதினார். 'உங்க பெட்டி என் கையைக் கட்டிப்போட்டுடுச்சு' என்று அக்கா சொன்னது, 'உங்கள் பெட்டி என் கைக்கு ஓய்வளித்தது' என்று தாளில் இறங்கியது. 'பாதி ரோட்டுல விட்டுட்டீங்க' என்பது 'பயணத்தில் பாதித் தூரம் உடன் வந்தீர்கள்' ஆனது. 'இதனால என் வேலையே போயிடும்' என்பது 'என் பணி வாழ்வில் மாற்றம் ஏற்படக்கூடும்' என்று பூத்தது. இயக்குநர் வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தார். 'பாராட்டுகள்' என்று எழுதியிருந்த தட்டில் அதைப் பத்திரமாக வைத்துவிட்டு மாடியேறினார்.

அக்கா தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தார்.

"நான் சொன்னது எங்கடா?"

"உள்ள இருக்குக்கா. கொஞ்சம் மறைமுகமா..."

 அக்கா தாளை நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் செருகினார். ஒரு கையால் மடிப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மணிக்கட்டு முறிஞ்சது எனக்கு. உனக்கு முதுகெலும்பு எப்படா முறிஞ்சுது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரவேற்புப் பெண் அவசர அவசரமாகப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அது பிளாஸ்டிக் செடி.

அடுத்த நாள் வாக்கியம் விடுப்பு எடுத்தார். காரணம் கேட்கும் கட்டத்தில் 'இடைவெளி' என்று எழுதினார். அக்கா வீட்டில் இல்லை. தேடிக்கொண்டு டிப்போவுக்குப் போனால், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த பஸ்ஸுக்கு என்ஜின் இல்லை. முன்பக்கம் கண்ணாடி இல்லை. முன் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் மட்டும் மிச்சம். அதுவும் இரண்டு ஆள் சேர்ந்து திருப்ப வேண்டிய கனம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை ஆளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

"யாரைக் கேட்டுக்கா இதுல ஏறினே?"

"வாட்ச்மேனைக் கேட்டேன். 'ம்'னாரு. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை மறுபடி வந்து கேக்கச் சொல்லல."

வாக்கியம் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து வந்து அக்காவின் மணிக்கட்டில் சுற்றினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். "பேசாத. எத்தனை தடவை திருப்பறேன்னு எண்ணு, போதும்" என்றார் அக்கா. எண்ணினார். அன்று பகல் முழுக்க அவர் வாயிலிருந்து வந்தவை எண்கள் மட்டும்தான். முப்பத்தேழை எந்த நடையில் சொன்னாலும் முப்பத்தேழுதான். அது அவருக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வில் கடைசித் திருப்பத்தில் அக்காவின் உதடு வெளுத்துவிட்டது.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார் தேர்வு அதிகாரி.

"வலிக்குது சார். திரும்புதா இல்லையா, அதைப் பாருங்க."

திரும்பியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஏறக்குறைய அதே நேரத்தில் பாகம் வந்து சேர்ந்தது. ஸ்வெட்டர் மேடம் சொன்னபடி அரை மணி நேரத்தில் மாட்டினார். சர்வர் 'ம்' என்றது. ஆளில்லாத சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, மூன்று நாளாக ரவுண்டானாவில் நின்றிருந்த அக்காவின் பஸ் தானாகக் கிளம்பிப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியது. 'கவனமாக ஓட்டுங்கள்' என்று திரை அறிவுரை சொன்னது.

அன்றே புகார்களும் வந்து குவிந்தன. நிறுவனம் அவற்றை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, ஒன்றுவிடாமல் தள்ளுபடி செய்தது. 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற புகார் சர்வர் வழியாகவே வந்திருப்பதால் அது அடிப்படையற்றது என்று சட்டப் பிரிவு விளக்கம் கொடுத்தது.

திங்கட்கிழமை இயக்குநர் வாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா தேறிட்டாங்களாமே! 'நித்தியத்தால் நிமிர்ந்த கை'ன்னு ஒரு விளம்பரம் போட்டுடலாமா?"

"நடுவுல மூணு நாள் நித்தியம் ஓடலையே சார்."

"அந்த மூணு நாள் ஓய்வு குடுத்தது யாரு? நாமதானே?" இயக்குநர் கண்ணடித்தார். "சரி, அது அப்புறம். முதல்ல நம்ம நம்பகத்தன்மை பத்தி ஒரு அறிக்கை வேணும். எல்லா வீட்டுத் திரையிலயும் வரணும். முழுக்கப் படிக்காம யாரும் அதைத் தாண்டிப் போக முடியாதபடி வெச்சிடுங்க."

வாக்கியம் தன் மேஜைக்கு வந்தார். அக்கா செருகிய நாளிலிருந்து சட்டைக்குச் சட்டை மாற்றிப் பையிலேயே வைத்திருந்த தாளை எடுத்து விரித்து ஒருமுறை படித்தார். காது மடல் சுட்டது. பிறகு எழுத ஆரம்பித்தார். வழக்கமாக ஒரு வரிக்கு நாலு தடவை அடித்துத் திருத்துகிறவர், அன்று ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.

இயக்குநருக்கு எந்த அறிக்கையிலும் முதல் வரியை மட்டும் படிக்கும் வழக்கம் உண்டு. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நேரம் குறைவு. "பிரமாதம்! இதுவரைக்கும் நீங்க எழுதினதுலயே இதுதான் டாப்" என்று கையெழுத்துப் போட்டார். ஸ்வெட்டர் மேடம் மட்டும் கடைசி வரை படித்தார். மறுபடியும் ஒருதடவை படித்தார். அறிக்கையை அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அந்த நிமிடமே பல லட்சம் வீடுகளில், படிக்காமல் தாண்ட முடியாதபடி, அறிக்கை திரையில் எழுந்தது:

'கடந்த வாரம் எங்கள் சர்வர் ஒரு நொடிகூடத் தன் கடமையிலிருந்து தவறவில்லை. உங்களை விளையாட வைப்பது அதன் கடமை என்று நீங்கள் நினைத்திருந்தால், அது உங்கள் தவறு. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருளை உங்களிடமிருந்து காப்பாற்றுவதே அதன் கடமை. மூன்று நாட்கள் உங்களில் ஒருவராலும் அதைத் திறக்க முடியவில்லை. இவ்வளவு நம்பகமான பூட்டை இதற்கு முன் எந்தத் திருடனும் உங்கள் வீட்டுக்குள் உங்கள் கையாலேயே மாட்ட வைத்ததில்லை.'