ஓனர் லீவு தரமாட்டேங்கிறாரு

தனக்குத் தானே முதலாளியாக இருப்பவர்கள் கள்ளக்குறிச்சியில் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. ஆனால் அந்த முதலாளியிடமே எழுத்துமூலம் லீவு கேட்டு, அது கிடைக்காமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எங்கள் சந்தில் அவருக்கு 'லீவு லெட்டர்' என்று பெயர். வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

துருகம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் கீழே அவர் கடை, மாடியில் என் அறை. நான் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டில் இருந்தால் தூக்கம் வருகிறது, வேலை ஓடவில்லை என்று மனைவியிடம் ஒரு மாதம் வாதாடி அந்த அறையைப் பிடித்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டைவிட அங்கே காற்று நன்றாக வருகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புரூப் கட்டு தலைக்கு வைக்கச் சரியான உயரம்.

மனசு வந்தால்தான் வேலை செய்ய முடியும் என்பது என் கொள்கை. அது வருவதற்காக டீ குடிப்பேன். மேசையைத் துடைப்பேன். பென்சில் சீவுவேன். ஒருமுறை சீவிச் சீவியே ஒரு முழு பென்சிலைத் தீர்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து பதிப்பகத்துக்காரர் "சார், புரூப் என்னாச்சு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார். நான் படித்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று நீலக் குறியை அணைத்து வைத்திருந்தேன். அந்த வருடம் நான் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு காலை டீக்கு இறங்கியபோது அந்தக் காட்சியைப் பார்த்தேன். லீவு லெட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் ஏதோ எழுதினார். தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தார். எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடி மாட்டி, தாளை எடுத்துப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். சிவப்புப் பேனாவில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டூலுக்கு வந்து அதைப் படித்துவிட்டு, "த்சு, இந்தாளு திருந்தவே மாட்டான்" என்று முனகியபடி ஒரு கருகிய மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். 'உயர்திரு ஓனர் அவர்களுக்கு. ஐயா, காயில் கட்ட மனசு வராத காரணத்தால் இன்று ஒருநாள் விடுப்பு தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக்.' கீழே சிவப்பில்: 'நேற்றும் வரவில்லை என்றீர். கட்டவும். ஓனர்.'

எதிர் டீக்கடை பாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா சார் முழிக்கிறீங்க? நாங்க டெய்லி பாக்குறோம். ஓனரு கொஞ்சம் கறாரு. மெக்கானிக்கு தங்கமான ஆளு."

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஒருநாள் வடக்கனந்தலில் இருந்து ஒரு கரும்பு விவசாயி வந்து, நாற்காலியில் இருந்தவரிடம் மோட்டார் என்னாச்சு என்று கேட்டார்.

"மெக்கானிக்கத்தான் கேக்கணுங்க."

"யோவ், நீதானய்யா மெக்கானிக்கு!"

"இப்ப நான் ஓனருங்க. கொஞ்சம் இருங்க, அவன் வந்துடுவான்." எழுந்து ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்தார். "வாங்க, எப்ப வந்தீங்க? மோட்டார் ரெடி. அங்க நிக்க வெச்சு பேசிகினு இருந்தாரா? அவரு அப்படித்தான்."

விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஒரு மழைக்காலத்தில் லீவு லெட்டர் மாடியேறி என்னிடம் வந்தார். நான் அறிவியலில் தலை வைத்திருந்தேன்.

"சார், ஒரு ஒத்தாச. நீங்க எனக்கு ஓனரா இருக்கணும்."

"ஏன், அவருக்கு என்ன?"

"ரொம்ப எளகிப் போய்ட்டான் சார். மூணு நாளா கேட்டதும் குடுத்துடறான். இப்டியே போனா கடைய மூடிடுவான். நீங்க படிச்சவரு. உங்களாண்ட கேட்டா எனக்கு ஒரு பயம் இருக்கும்."

மாவட்டத்திலேயே பெரிய சோம்பேறியைத் தேடி வந்து சோம்பலை ஒழிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். நான் கூச்சமே இல்லாமல் ஏற்றுக்கொண்டேன். மறுநாள் ஒன்பது மணிக்குக் கண்ணாடியுடன் நாற்காலியில் இருந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் சொன்ன நேரத்துக்குப் போன இடம் அதுதான்.

மறுப்பு எழுதுவதில் எனக்கு இருந்த திறமை எனக்கே தெரியாது. 'மனசு என்பது பஸ் அல்ல, நின்று பார்த்துக்கொண்டிருக்க' என்று ஒருநாள் எழுதினேன். 'கடமையை ஒத்திப்போடுபவன் தன்னையே ஏமாற்றுகிறான்' என்று இன்னொரு நாள். அதை எழுதிய கையால்தான் பதிப்பகத்துக்காரரின் போனை வெட்டினேன். லீவு லெட்டர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிப்பார். "சூப்பர் சார். உறைக்குது" என்பார். உடனே வேலையை ஆரம்பிப்பார்.

அவர் வேலை செய்யும்போது ஓனர் எழுந்து போக முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கவும் வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் புரூப் கட்டைக் கீழே கொண்டுவந்தேன். இரண்டே வாரத்தில் அறிவியல் முடிந்தது. தலைக்கு வைக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மோட்டார் வந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதால் நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை, பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறுகிறார்கள் என்றார்கள். லீவு லெட்டர் இரண்டு நாளில் கட்டி முடித்தார். கொண்டுபோய் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஜீப் வந்து நின்றது. அன்றைக்கும் தாள் மேசைக்கு வந்தது. 'நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிற காரணத்தால்' என்று இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'நெஞ்சு என்று ஒன்று இருந்தால்தானே ஒரு மாதிரி இருக்கும்! மலை ஏறவும்' என்று எழுதினேன். என் எழுத்தை நானே ரசித்துவிட்டு, பரிசாக ஒரு குட்டித் தூக்கம் போட மாடிக்குப் போனேன்.

எழுந்து வந்தபோது கடை சாத்தியிருந்தது. பாய் சொன்னார்: "ஜீப்ல போய்ட்டாரு. வேர்த்து ஊத்திகினு இருந்துச்சு சார். ஒடம்பு சரியில்லையோ இன்னாவோ."

போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடையாது. அந்தத் தாளில் 'நெஞ்சு' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த என் சிவப்பு எழுத்துதான் கண்ணில் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். ஓடி பஸ் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டேன். ஆறாவது வளைவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் திறந்தேன்.

வெள்ளிமலையில் இறங்கி பைக்கில் வந்த ஒருவரின் பின்னால் தொற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கிணற்றருகே பலா மரத்தடியில் கூட்டம். நடுவில் லீவு லெட்டர் அசையாமல் குப்புறக் கிடந்தார்.

"ஐயோ, நான்தாங்க காரணம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் தலையைத் தூக்கினார். "ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க. பைப்ல தண்ணி ஏறுதான்னு கேட்டுகினு கீறேன்." பிறகுதான் என்னைப் பார்த்தார். "சார்? நீங்க இன்னா இங்க?"

தலை சுற்றியது. அங்கேயே உட்கார்ந்து, பிறகு படுத்தும்விட்டேன். ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, "பாவம், மோட்டார் பாக்க வந்த ஆபீசர் போலருக்குது" என்று விசிறினார். படுத்தபடியேதான் அதைப் பார்த்தேன். குழாய் இரண்டு தரம் இருமியது. காற்று சீறியது. அப்புறம் செம்மண் கலந்து குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது. குடங்கள் முட்டி மோதின. ஒரு பாட்டம் சிரிப்பும் சண்டையும். லீவு லெட்டர் கைகட்டிக்கொண்டு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கடையில் நான் பார்த்ததில்லை.

நான் விடாமல் அவரை வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். ஈசிஜி எடுத்தார்கள். அவருக்கு வெறும் வாயு. எனக்கும் சும்மா பிரஷர் பார்த்த நர்ஸம்மா, "உங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி. நீங்க இன்னா வேல சார் பாக்குறீங்க?" என்றார். ஓனர் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும் ஜீப்பில் மன்னிப்புக் கேட்டேன். "நான் விளையாட்டுக்கு எழுதினது. அதை நம்பி யாராவது மலை ஏறுவாங்களா?"

"நீங்க எழுதினதுக்கா நான் ஏறினேன்? தண்ணி இல்லன்னாங்களே, அதுக்கு ஏறினேன்."

"அப்ப இந்த லெட்டரெல்லாம் எதுக்கு?"

அவர் விரல் நுனியில் காய்ந்திருந்த வார்னிஷைச் சுரண்டினார். "எனக்குக் காயில் கட்றது புடிக்காது சார். இருவத்திரண்டு வருசத்துல ஒரு நாள் கூட புடிச்சதில்ல. தண்ணி வரும்போது நிக்கிறேன் பாருங்க, அது மட்டுந்தான் புடிக்கும். அது கட்டி முடிச்சாத்தான வரும்? அதான், புடிக்கலன்றத காலையிலயே பேப்பர்ல எழுதி ஓரமா வெச்சுடறது. அது அங்க கெடக்கும். நான் இங்க வேலையப் பாப்பேன்."

நான் ஏதோ அழகாகப் பதில் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தூங்கிப்போனார். வளைவு திரும்பியதும் தலை என் தோளில் சாய்ந்தது. சட்டையில் வார்னிஷ் வாசனை. கழுத்து கடுத்தது, கால் மரத்தது. கோமுகி அணை பொழுது சாயும் வெளிச்சத்தில் கடந்துபோயிற்று. கச்சிராயபாளையம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. மனசு வருகிறதா என்று பார்க்காமல் அன்று நான் செய்த வேலை அது.