ஞாபகம் ஒழுகாத கட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் இராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. கல்யாணமும் இல்லை, பந்தியும் இல்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே வண்டியில் மூன்று பேராக ஏறியும், கிருஷ்ணன்கோவிலிலிருந்து அரியர் பேப்பர்களைச் சுமந்தும் இத்தனை பேர் வந்தது எதற்கு? தலையில் கட்டுப் போட்டுக்கொள்ள. யாருக்கும் தலையில் அடிபடவில்லை. அடி இனிமேல்தான்.

கட்டுப் போடுகிறவர் ஞாபகச் சித்தர் வேல்சாமி. போன வருடம் வரை வாஸ்துக் கண்ணாடி விற்றார். கண்ணாடி உடைந்தால் சத்தம் கேட்கும், ஞாபகம் உடைந்தால் கேட்காது என்று கண்டுகொண்டு தொழிலை மாற்றினார். அவர் தலையிலும் எந்நேரமும் ஒரு வெள்ளைக் கட்டு. பன்னிரண்டு வருடப் படிப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறதாம்.

அவருடைய தத்துவம் எளிது. படித்ததெல்லாம் காது வழியாக ஒழுகிவிடுகிறது. ஒழுகுகிற குழாய்க்குத் துணி சுற்றுவதுபோல் தலைக்கும் சுற்ற வேண்டும். முதலில் இருபத்தைந்து பொது அறிவுக் கேள்விகளையும் பதில்களையும் மைக்கில் சொல்வார். கூட்டம் இரண்டு மணி நேரம் விடாமல் திருப்பிச் சொல்லும். பிறகு, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மந்திரித்துக் காதோடு சேர்த்துச் சுற்றுவார்கள். சுற்றிய கையோடு சோதனை.

"ரத்தம் உறைய உதவுற வைட்டமின் எது?"

"கே" என்றன இருநூறு தொண்டைகள்.

"அரசியல் சட்டத்துல பதினேழாவது பிரிவு?"

"தீண்டாமை ஒழிப்பு."

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பெற்றோர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். காதை மூடிய பிறகு கேள்வி எப்படி உள்ளே போனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இனி பரீட்சையன்னைக்குக் காலையிலதான் கட்டப் பிரிக்கணும்" என்றார் சித்தர். "அதுவரைக்கும் புத்தகத்தத் தொறக்கப்படாது. தொறந்தா அம்புட்டும் ஒழுகிரும்."

வாராவாரம் இருபத்தைந்து புதுக் கேள்விகள், ஒரு புதுச் சுற்று, ஒரு புதுக் கட்டணம். தோற்றவர் வந்து கேட்டால், "நீ புத்தகத்தத் தொறந்திருப்ப" என்று கதையை முடித்துவிடுவார். புத்தகம் திறப்பதைக் குற்றமாக்கிய ஆசானை உலகம் இப்போதுதான் பார்க்கிறது.

அன்று கட்டுப் போட்டவர்களில் ஒருத்தி மாரிச்செல்வி. காஸ் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. போலீஸ் தேர்வை இரண்டு தடவை எழுதிக் கொஞ்சத்தில் கோட்டை விட்டவள். அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிவதால் இதுதான் கடைசி வாய்ப்பு. அந்தப் பயத்தில் அவள் அம்மா சுந்தரம்மாள்தான் அவளை இழுத்து வந்தாள். வீட்டுக்குப் போனதும் புத்தகங்களைப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம்மா, புத்தகம் இல்லாம எப்படி எழுத?"

"அதான் தலைக்குள்ள இருக்குல்ல. கேட்ட உடனே அம்புட்டும் சொன்னியே."

"தறிய விட்டு எறங்கின உடனே பாத்தா எல்லாத் துணியும் நல்ல துணிதாம்மா. தண்ணியில போட்டுப் பாத்தாத்தான் சங்கதி தெரியும்."

"சாமி காரியத்தத் துணியோட சேக்காதட்டி" என்று சுந்தரம்மாள் அடக்கினாள். காரியமே துணிதான் என்பது பாவம் அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதே மண்டபம், அதே தலைகள். சித்தர் மைக்கை எடுத்தார். முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி எழுந்தாள்.

"சாமி, புதுசு ஆரம்பிக்க முன்ன, போன வாரத்து இருபத்தஞ்சையும் ஒருக்கா கேளுங்க."

"மந்திரத்தச் சோதிக்கக் கூடாது தாயி."

"கட்டுன உடனே நீங்கதான கேட்டீக. அதையே இன்னைக்கும் கேளுங்கன்னுதான் சொல்லுதேன்."

சித்தர் மறுபடி மறுக்கப் போனார். சுந்தரம்மாள் விடவில்லை. மகளின் பெருமை ஊரறிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "கேளுங்க சாமி. எம்மவ சொல்லுவா."

வேறு வழியில்லாமல் கேட்டார். பதினேழாவது பிரிவுக்கு இருநூறு கட்டுப் போட்ட தலைகளும் கூரையைப் பார்த்தன. ஒருவர் வாக்குரிமை என்றார். ஒருவர் ஜி.எஸ்.டி. என்றார். அரியர் மாணவன் ஜெயபாண்டி மட்டும் தைரியமாக "கே" என்றான். இருபத்தைந்தும் கேட்டு முடித்தபோது நாலைந்தைத் தாண்டியவர் யாரும் இல்லை. மாரிச்செல்வி அதுவரை வாயைத் திறக்கவில்லை.

"எல்லாரும் புத்தகத்தத் தொறந்திருக்கீக" என்று சித்தர் சீறினார்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கருத்தப்பாண்டி எழுந்தார். "எம்மவன் புத்தகத்த நான் எடைக்கே போட்டுட்டேன். எதத் தொறப்பான்?"

இப்போது மாரிச்செல்வி சொல்லத் தொடங்கினாள். வைட்டமின் கே, தீண்டாமை ஒழிப்பு என்று இருபத்துமூன்று பதில்கள் வந்தன. சித்தரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீகளா, கட்டோட மகிமைய."

அவள் முக்காட்டை எடுத்தாள். தலையில் பின்னலும் பூவும் தவிர ஒன்றும் இல்லை.

"அன்னைக்கே அவுத்துட்டேன் சாமி. அம்மாவுக்குத் தெரியாம இருக்க வீட்டுலயும் முக்காட்ட எடுக்கல. அது நானே கழிச்சுவிட்ட துணி. நல்ல காஸ்னா தண்ணியில போட்ட உடனே உறிஞ்சி முங்கணும். இது மிதக்கு. சிராய்ப்புக்குக்கூட ஆகாதுன்னு ஒதுக்குனத எடைக்கு வாங்கியிருக்கீக."

"பொறவு எப்படித் தாயி அம்புட்டும் சொன்ன?" என்று கருத்தப்பாண்டி கேட்டார்.

"வீட்டுக்குப் போன உடனே இருபத்தஞ்சையும் ஒரு அட்டையில எழுதிக்கிட்டேன். மறுநாள் பஸ்ஸுக்கு நிக்கையில பாக்காம சொல்லிப் பாத்தேன். பாதி போயிருச்சு. போனத மட்டும் அட்டையில பாத்துக்கிட்டேன். ரெண்டு நாள் விட்டுச் சாப்பாட்டு நேரத்துல ஒருக்கா, நேத்து ஒருக்கா. பத்து பத்து நிமிசந்தான். ஒரே மூச்சாக் கத்துனா அன்னைக்கு மட்டுந்தான் இருக்கும். மறக்கப் போற நேரத்துல மெனக்கெட்டு யோசிச்சாத்தான் நிக்குது."

கருத்தப்பாண்டி மேடையேறி, மைக் அருகே இருந்த கேள்வித்தாளைக் கையால் மூடினார்.

"பன்னெண்டு வருசக் கட்டுல்லா சாமி. நீங்க சொல்லுங்க. ரத்தம் உறையுறதுக்கு எந்த வைட்டமின்?"

சித்தர் தாளைப் பார்த்தார். தாளின் மேல் அகலமான கை. கூரையைப் பார்த்தார். "சி" என்றார்.

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கட்டணம் அங்கேயே திரும்பி வந்தது. கதவை மறித்துக்கொண்டு கருத்தப்பாண்டி நின்றது அதற்குப் பெரிய உதவி.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் சுந்தரம்மாள் சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள். "உன் அஞ்சு வாரத்துல ஒரு வாரத்தத் தின்னுட்டேனே" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"நாலு வாரம் கெடக்கும்மா. போதும்."

"அப்ப அந்த அட்டையக் கொடு. நான் கேக்கேன், நீ சொல்லு. விட்டுப்போச்சுல்ல ரெண்டு, அதுலருந்து ஆரம்பிப்போம்."

அம்மா கேட்க, மகள் சொல்ல, பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். கைமேல் பலன் என்று எவனாவது காட்டினால், கையைத் தட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். உண்மை ஒரு வாரத்தில் ஊசிப்போகாது.